சுவரில் தொங்கும் சான்றும் மருந்து கொடுக்கும் கையும்

(மருந்தாளுநர்களும், மருந்தியல் டிப்ளமா மாணவர்களும், மருந்துக்கடை ஊழியர்களும் சேர்ந்து நடத்திய மாவட்டக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நாம் டாக்டரும் அல்ல, மருந்தாளுநரும் அல்ல. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திற்கு விடை கொடுத்துவிட்டுக் கட்சி வேலைக்கு வந்தவர்கள். ஆஸ்பத்திரிக்கும் நமக்கும் உள்ள உறவெல்லாம் நோயாளியை அழைத்துக்கொண்டு போகிற உறவுதான். இரவு பன்னிரண்டு மணிக்குப் பாம்பு கடித்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடுவது, பிரசவ வலி கண்ட பெண்ணுக்கு ஆட்டோ பிடிப்பது, மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரத்தில் இரண்டு மணி நேரம் நிற்பது, இவையே நாம் கற்ற மருத்துவம். ஆகவே ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவன் என்ற முறையிலேயே நாம் பேச முடியும்.

இன்று மாலை நீங்கள் ஒரு தீர்மானத்தை நிறைவேற்ற இருக்கிறீர்கள். நகலை நாம் படித்தோம். "சான்று பெறாத ஊழியர்கள் அனைவரையும் ஆஸ்பத்திரி மருந்தகங்களிலிருந்தும் மருந்துக்கடைகளிலிருந்தும் உடனே வெளியேற்ற வேண்டும்" என்று அது கோருகிறது. இரண்டு வருஷம் படித்து, பரீட்சை எழுதி, கவுன்சிலில் பதிவு செய்து, வேலையில்லாமல் வீட்டில் இருக்கிற இளைஞனின் கோபம் அதில் இருக்கிறது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அது சரியான இடத்தின் மீது விழுகிறதா? இந்தக் கேள்வியைத்தான் உங்கள் முன் வைக்க வந்திருக்கிறோம்.

சான்று எப்படி வந்தது?

நம் பாட்டன்மார் காலத்தில் ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு அடுத்தபடி பெரிய மனிதர் கம்பவுண்டர். ஜனங்கள் கையில் காலிப் பாட்டிலோடு போவார்கள். கம்பவுண்டர் மிக்சரைக் கலந்து ஊற்றி, எத்தனை வேளை என்று காட்டக் காகிதத்தைப் பல் பல்லாக வெட்டிப் பாட்டிலின் பக்கத்தில் ஒட்டித் தருவார். படிப்பு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றதுதான். அவர்களில் கை தேர்ந்தவர்கள் பலர் உண்டு. ஆனால் கை தேர்ந்தவர் யார், தேறாதவர் யார் என்று ஏழை நோயாளிக்கு எப்படித் தெரியும்?

வெள்ளையர் ஆட்சியிலேயே இந்தப் பிரச்னை முற்றிவிட்டது. கலப்பட மருந்தும் போலி மருந்தும் சந்தையில் மலிந்தபோது, 1930-ல் கர்னல் சோப்ரா தலைமையில் ஒரு விசாரணைக் கமிட்டி போட்டார்கள். மருந்துக்கும் சட்டம் வேண்டும், மருந்து தருகிறவருக்கும் சட்டம் வேண்டும் என்று 1931-ல் அது அறிக்கை தந்தது. மருந்துக்கான சட்டம் 1940-ல் வந்தது. மருந்து தருகிறவருக்கான சட்டம், அதாவது பார்மசி சட்டம், நாடு விடுதலை பெற்ற பிறகு 1948-ல்தான் வந்தது. அந்தச் சட்டத்தின் 42-வது பிரிவை இங்கே உள்ள மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தைக் கலக்கவோ, தயாரிக்கவோ, வழங்கவோ பதிவு பெற்ற மருந்தாளுநருக்கு மட்டுமே உரிமை. டாக்டர் தன் சொந்த நோயாளிக்கு வழங்குவது மட்டும் விலக்கு.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சட்டம் வந்ததும் பழைய கம்பவுண்டர்களை எல்லாம் தெருவில் தள்ளிவிடவில்லை. முதல் பதிவேடு தயாரித்தபோது, ஆஸ்பத்திரியிலோ மருந்தகத்திலோ ஐந்து வருஷத்திற்குக் குறையாமல் மருந்து கலந்த அனுபவம் உள்ளவர்களுக்கும் பதிவேட்டில் இடம் தந்தது. உழைத்துக் கற்றவனுக்கு ஒரு வாசல் திறந்து வைத்துவிட்டுத்தான் வேலியைப் போட்டார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மறுபடியும் இங்கேதான் வரப்போகிறோம்.

ஜன்னலுக்கு உள்ளே என்ன நடக்கிறது?

"மாத்திரை எடுத்துக் கொடுக்கப் படிப்பு எதற்கு? சீட்டில் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரிந்தால் போதாதா?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நர்சிங் ஹோம் முதலாளிகள் இப்படிக் கேட்பதில் ஆச்சரியமில்லை. நம் ஜனங்களும் கேட்கிறார்கள். இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆஸ்பத்திரி மருந்தகம் மளிகைக் கடை அல்ல. இன்சுலினும் தடுப்பூசியும் 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் இடையில் குளிரில் இருக்க வேண்டும். உறைந்துபோன இன்சுலின் பார்வைக்கு இன்சுலின் போலத்தான் இருக்கும், வேலைதான் செய்யாது. மூட்டு வாத நோய்க்குத் தருகிற மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்திற்கு ஒரு நாள் சாப்பிட வேண்டியது. தினமும் சாப்பிடு என்று தவறாகச் சொல்லிவிட்டால் உயிரையே வாங்கிவிடும். பொட்டாசியம் குளோரைடு ஊசி மருந்தை நீர்க்காமல் நேரே நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுபோகும். மார்பின் போன்ற மருந்துக்குப் பூட்டும் சாவியும் தனிப் பதிவேடும் உண்டு. 2014 முதல் ஹெச்-1 அட்டவணையில் உள்ள ஆன்டிபயாடிக்குகளையும், வேறு சில மருந்துகளையும் கொடுக்கும்போது டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனி நோட்டில் எழுதி மூன்று வருஷம் பாதுகாக்க வேண்டும். முதலில் காலாவதி ஆவது எதுவோ, அதுவே முதலில் வெளியே போக வேண்டும். வார்டிலிருந்து வரும் தேவைப் பட்டியலைச் சரிபார்க்க வேண்டும். ஒரே மாதிரிப் பெயர், ஒரே மாதிரி அட்டை உள்ள மருந்துகளைத் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் மேலாக, எதிரே நிற்கிற மனிதரிடம் பேச வேண்டும். "பாட்டி, இது காலையிலே, சாப்பாட்டுக்கு முந்தி. இது ராத்திரி. ரெண்டையும் சேர்த்துப் போட்டுடாதீங்க" என்று சொல்கிற அரை நிமிஷம் இருக்கிறதே, அதுவும் மருந்துதான். 2015-ல் வந்த பார்மசி நடைமுறை விதிகளும் நோயாளிக்கு ஆலோசனை சொல்வதை மருந்தாளுநரின் கடமையாக எழுதி வைத்திருக்கின்றன. ஆனால் ஜன்னலில் முந்நூறு பேர் நிற்க, உள்ளே ஒருவர் இருந்தால் அந்த அரை நிமிஷம் எங்கிருந்து வரும்?

ஆகவே படிப்பு வேண்டும், சான்று வேண்டும். அதில் நமக்கு இரண்டு அபிப்பிராயம் கிடையாது. பிளஸ் டூவில் இயற்பியலும் வேதியியலும், அத்தோடு உயிரியலோ கணிதமோ படித்திருக்க வேண்டும். இரண்டு வருஷம் டிப்ளமா. அதன் பிறகு 500 மணி நேரம் நேரடிப் பயிற்சி. அதில் குறைந்தது 250 மணி நேரம் சீட்டுக்கு மருந்து வழங்குகிற வேலையில். பின்னர் மாநில கவுன்சிலில் பதிவு. இதற்கு மேல் மூன்று தாள் கொண்ட வெளியேறும் பரீட்சை ஒன்றையும், ஒவ்வொரு தாளிலும் 50 சதம் பெற வேண்டும் என்ற நிபந்தனையோடு, 2022-ல் வகுத்த விதிகள் சேர்த்தன. இந்த ஏணியின் ஒவ்வொரு படியும் நோயாளியின் உயிருக்குக் காவல். ஆனால் அந்த ஏணியில் யார் ஏற முடிகிறது, யார் கீழேயே நின்றுவிடுகிறார்கள்?

நாங்கள் செய்த தவறு

இங்கே எங்கள் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெருமைக்காக அல்ல, சுயவிமர்சனமாக.

2017-ல் எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு விவசாயக் கூலித் தொழிலாளி. அறுபது வயதைத் தாண்டியவர். செங்கொடிச் சங்கத்தின் பழைய உறுப்பினர். ரத்தக் கொதிப்புக்கு ஒரு தனியார் நர்சிங் ஹோமில் சீட்டு வாங்கி, அங்கேயே உள்ள மருந்தகத்தில் மாத்திரை வாங்கினார். எழுதியிருந்தது அம்லோடிபின் 5 மில்லிகிராம். கைக்கு வந்தது கிளிபென்கிளமைடு 5 மில்லிகிராம். முன்னது ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், பின்னது ரத்தத்தில் சர்க்கரையைக் குறைக்கும். அவருக்குச் சர்க்கரை நோயே கிடையாது. இரண்டாம் நாள் ராத்திரி வேர்த்துக் கொட்டி, வாய் குழறி, நினைவு தப்பி விழுந்தார். "மூளையிலே ரத்தக் குழாய் அடைச்சிட்டுது" என்று வீட்டார் அழுதார்கள். நாங்கள் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரவுப் பணியில் இருந்த டாக்டர் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்து உடனே கண்டுபிடித்தார். குளுக்கோஸ் ஏறியதும் கண் திறந்தார். அந்த மாத்திரையின் வேகம் சீக்கிரம் அடங்காது, விட்டால் மறுபடியும் சர்க்கரை இறங்கும் என்று மூன்று நாள் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். பிழைத்தார்.

எங்களுக்கு ரத்தம் கொதித்தது. அன்றிரவே நோட்டீஸ் அடித்தோம். "மருந்தை மாற்றிக் கொடுத்த பெண் ஊழியர் மீது நடவடிக்கை எடு!" என்று கொட்டை எழுத்தில் போட்டு, அந்தப் பெண்ணின் பெயரையும் போட்டோம். ஆயிரம் நோட்டீஸ் ஊர் முழுக்கப் போயிற்று. மறுநாளே நிர்வாகம் அவளை வேலையிலிருந்து நீக்கிவிட்டது. எங்கள் கோரிக்கை ஒரே நாளில் வெற்றி! முதலாளி இவ்வளவு சுலபமாக நம் கோரிக்கையை ஏற்கிறான் என்றால் கோரிக்கையில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை.

நான்காம் நாள் அந்தப் பெண் கட்சி ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். இருபத்து மூன்று வயதிருக்கும். கையில் எங்கள் நோட்டீஸ். சண்டை போடவில்லை. இரண்டே கேள்வி கேட்டாள்.

"அண்ணே, பெரியவருக்கு நான்தான் மாத்தி எடுத்துக் கொடுத்தேன். இல்லேன்னு சொல்லலே. அவர் வீட்டுக்குப் போயி காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் வர்றேன். ஆனா அந்தச் சுவத்துலே கண்ணாடி போட்டு ஒரு சர்ட்டிபிகேட் தொங்குதே, அந்த ஆளை நாலு வருஷத்துலே நான் ஒரு நாள்கூடப் பாத்ததில்லே. நோட்டீஸ்லே அவர் பேர் எங்கே? முதலாளி பேர் எங்கே?"

தோழர்களே! எங்களிடம் பதில் இல்லை.

உட்கார வைத்து விசாரித்தோம். பிளஸ் டூவில் உயிரியல் படித்தவள். தகப்பனார் இல்லை. மருந்தகத்தைத் துடைத்துப் பெருக்குகிற வேலைக்குச் சேர்ந்தவளை, ஆறு மாதத்தில் "நீயே எடுத்துக் கொடு" என்று ஜன்னலில் நிறுத்திவிட்டார்கள். காலை எட்டு முதல் இரவு ஒன்பது வரை வேலை. சம்பவம் நடந்த அன்று உடன் வேலை செய்கிறவள் வராததால் மதியச் சாப்பாடு கூட இல்லை. அவளுக்கு யாரும் ஒரு மணி நேரம்கூடப் பயிற்சி தந்ததில்லை. அவளுக்குக் கொடுத்த சம்பளமும், வீட்டில் உட்கார்ந்திருக்கிற சான்றுக்காரருக்குக் கொடுத்த மாதவாடகையும் சேர்த்தால்கூட, ஒரு முழுநேர மருந்தாளுநரை வைத்துக்கொள்ளும் செலவைவிடக் குறைவு. மிச்சம் யார் பைக்குப் போயிற்று என்று விளக்க வேண்டுமா?

வாடகைக்கு விட்ட சான்று

இது ஒரு ஊர் விவகாரம் அல்ல என்பது இங்கே உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். வீட்டை வாடகைக்கு விடுவது போலச் சான்றை வாடகைக்கு விடுவது நாடு முழுவதும் நடக்கிற வழக்கம். சட்டம் என்ன சொல்கிறது? சீட்டுக்கு மருந்து வழங்குவது பதிவு பெற்ற மருந்தாளுநராலோ, அவருடைய நேரடி மேற்பார்வையிலோதான் நடக்க வேண்டும். அவர் வீட்டிலும் சான்று சுவரிலும் இருந்தால், மேற்பார்வை பார்ப்பது எது? கண்ணாடிச் சட்டமா?

கசப்பான ஒன்றைச் சொல்கிறோம், மன்னிக்க வேண்டும். சான்றை வாடகைக்கு விடுகிறவர்களும் நம்மவர்கள்தான். வேலை கிடைக்காதபோது இரண்டாயிரம் மூவாயிரம் வந்தாலும் போதும் என்று விடுகிறார்கள். ஆனால் விட்ட ஒவ்வொரு சான்றும் வேலையில்லாத இன்னொரு மருந்தாளுநரின் வேலையை விழுங்குகிறது. வாடகைக்கு விடுகிறவர் தன் தம்பியின் சோற்றில் கை வைக்கிறார். படிக்காத பெண்ணைக் குறைந்த கூலிக்கு ஜன்னலில் நிறுத்துவதும், படித்தவனைக் குறைந்த வாடகைக்கு வீட்டில் உட்கார வைப்பதும் முதலாளிக்கு ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றால் அவனுக்கு என்ன நஷ்டம்?

இரண்டாவது நோட்டீஸ் அடித்தோம். அதில் எங்கள் முதல் நோட்டீஸ் தவறு என்று வெளிப்படையாக எழுதினோம். நிர்வாகத்தின் பெயரைப் போட்டோம். மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு மனுக் கொடுத்தோம். ஆய்வு நடந்தது, மருந்தகம் சில நாள் மூடிக் கிடந்தது. பிறகு? வேறொருவர் சான்று அதே ஆணியில் தொங்கிற்று. வேறொரு பெண் அதே ஜன்னலில் நின்றாள். உள்ளதைச் சொல்ல வேண்டும். அந்தப் போராட்டத்தில் நாம் ஜெயிக்கவில்லை.

ஆனால் ஒரு காரியம் நடந்தது. அந்தப் பெண் 2018-ல் டிப்ளமாவில் சேர்ந்தாள். இந்தப் படிப்பை அஞ்சல் வழியில் படிக்க முடியாது. முழு நேரம் வகுப்புக்குப் போக வேண்டும். 75 சதம் வருகை வேண்டும். இரண்டு வருஷம் கூலி இல்லாமல் குடும்பம் எப்படிச் சாப்பிடும்? தாயார் காதுத் தோட்டை அடகு வைத்தார். சங்கக் கிளைகள் பணம் திரட்டின. அதில் முதல் ஐந்நூறு ரூபாயைக் கொடுத்தவர் யார் தெரியுமா? மாத்திரை மாறி விழுந்தாரே, அந்தப் பெரியவர்! "புள்ளை தெரியாமே செஞ்சிட்டுது. தெரிஞ்சுக்கிட்டு வரட்டும்" என்றார். கொள்ளை நோய்க் காலத்தில் தாமதமாகி, முகமூடி போட்டுக்கொண்டே 500 மணி நேரப் பயிற்சியை முடித்து, 2021-ல் அவள் பதிவு பெற்றாள். இன்று ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர். ஒப்பந்த அடிப்படையில்தான், நிரந்தரம் இல்லை. இந்த மண்டபத்தில் இருக்கிறாள். பெயர் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒரு தடவை அவள் பெயரை அச்சிட்டது போதும்.

உங்கள் தீர்மானம் அன்றைக்கு அமலாகியிருந்தால் அவள் எங்கே நின்றிருப்பாள்? யோசித்துப் பாருங்கள்.

ஜன்னலில் நடப்பதும் மேலிடத்தில் நடப்பதும்

ஜன்னலில் நிற்கிறவர் சரியாகக் கொடுத்தால் மட்டும் போதுமா? 1986-ல் பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் 14 நோயாளிகள் செத்தார்கள். சீட்டில் எழுதியிருந்த கிளிசரினைத்தான் கொடுத்தார்கள். ஆனால் அதில் டைஎதிலீன் கிளைகால் என்ற விஷம் கலந்திருந்தது. சிறுநீரகத்தை அழிக்கிற ரசாயனம். விசாரித்த நீதிபதி லெண்டின் கமிஷன் சப்ளை செய்தவரோடு நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் வாங்கியவர்கள், கட்டுப்பாட்டு இலாகா, அதிகாரத்தில் இருந்தவர்கள் எல்லோருடைய குற்றத்தையும் தோண்டி எடுத்தது.

நாற்பது வருஷம் ஆகியும் பாடம் கற்றோமா? 2025-ல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இருமல் மருந்து குடித்துச் செத்தார்கள். அதே விஷம்! 0.1 சதத்திற்கு மேல் இருக்கக் கூடாத அந்த ரசாயனம் 48.6 சதம் இருந்ததாக நம் மாநில ஆய்வுக்கூடம் கண்டறிந்தது. அந்த மருந்து தயாரான இடம் நமது காஞ்சிபுரம் மாவட்டம். நாம் தலை குனிய வேண்டிய விஷயம் இது. ஜன்னலில் எவ்வளவு படித்தவரை நிறுத்தினாலும் அந்தப் பாட்டிலை அவர் கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்திருக்க முடியாது. தயாரிப்பிலும் சோதனையிலும் லாபம் எஜமானாக உட்கார்ந்துவிட்டால், கடைசியில் குழந்தையின் வாயில் விஷம் விழுகிறது.

இதற்கு மாற்று வழி இல்லையா? இருந்தது. 1954-ல் பிம்ப்ரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் பொதுத்துறையில் எழுந்தது. 1961-ல் சோவியத் உதவியோடு ஐ.டி.பி.எல். பிறந்தது. ரிஷிகேசத்தில் ஆன்டிபயாடிக், ஹைதராபாதில் செயற்கை மருந்து, நம் சென்னையில் அறுவைச் சிகிச்சைக் கருவிகள். 1970-ன் பேடன்ட் சட்டம் அந்நியக் கம்பெனிகளின் பிடியைத் தளர்த்தியது. 1975-ல் ஹாத்தி கமிட்டி அந்நிய மருந்துக் கம்பெனிகளைத் தேசியமயமாக்க வேண்டும் என்றே சிபாரிசு செய்தது. அந்தச் சிபாரிசு கிடப்பில் போயிற்று. பேடன்ட் சட்டத்தை 2005-ல் பழைய திசைக்கே திருப்பினார்கள். 2016 டிசம்பரில் மத்திய மந்திரிசபை ஐ.டி.பி.எல்.லை மூடவே முடிவு செய்தது. மலிவாக மருந்து தந்த பொதுத்துறையின் கழுத்தை நெரித்துவிட்டு, தனியார் தருகிற பாட்டிலை நம்பு என்கிறார்கள்!

நம் மாநிலத்திலேயே இன்னொரு பாடம் உண்டு. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைந்தது. ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தனித்தனியே வாங்குவதை நிறுத்தி, மொத்தமாக டெண்டர் விட்டு, மாவட்டக் கிடங்கில் இறக்கி, மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிச் சோதித்து, பிறகே ஆஸ்பத்திரிக்குத் தருகிறது. எந்த ஆஸ்பத்திரி எவ்வளவு எடுத்தது என்பது பாஸ் புத்தகத்தில் ஏறுகிறது. காகிதத்தில் மடித்துக் கொடுத்த உதிரி மாத்திரை போய், பெயர் அச்சிட்ட அட்டை வந்தது. இந்தியாவின் மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்ட முறை இது. சோஷலிசம் ஒன்றும் அல்ல. உற்பத்தி தனியாரிடம்தான் இருக்கிறது. ஆனாலும் பொதுக் கை ஒன்று நடுவில் நுழைந்தாலே ஏழைக்கு எவ்வளவு பாதுகாப்பு என்பதற்கு இது சாட்சி. அந்தக் கிடங்கிலிருந்து நோயாளியின் கைவரை உள்ள கடைசி நாலு அடியில் நிற்கிறவர் நீங்கள். அங்கே காலியிடம் இருந்தால், ஒருவர் மூவர் வேலையைச் செய்தால், அத்தனை ஏற்பாடும் வீண்.

கடல் கடந்தும் இதே கதை

பணக்கார நாட்டில் நிலைமை வேறாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் மருந்தாளுநருக்குக் கீழே பார்மசி டெக்னிஷியன் என்று ஒரு வகுப்பு உண்டு. 1995-ல் அமைந்த வாரியம் ஒன்று அவர்களுக்கு நாடு தழுவிய பரீட்சை நடத்திச் சான்று தருகிறது. 90 கேள்விகள். தேறியவர் இரண்டு வருஷத்திற்கு ஒரு தரம் 20 மணி நேரத் தொடர் கல்வி காட்டிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். உதவியாளருக்கும் ஒரு படிப்பு, ஒரு சான்று, ஒரு பெயர் உண்டு என்ற அளவில் இது நாம் கவனிக்க வேண்டிய ஏற்பாடு.

ஆனால் சான்று மட்டும் ஆளைக் காப்பாற்றியதா? 2023 செப்டம்பரில் கான்சாஸ் சிட்டியில் சி.வி.எஸ். என்ற மாபெரும் கம்பெனியின் மருந்தாளுநர்கள் வேலைக்குப் போகாமல் நின்றார்கள். அக்டோபரில் வால்கிரீன்ஸ் கடைகளில் டெக்னிஷியன்களும் சேர்ந்து வெளியே வந்தார்கள். அவர்கள் முன் வைத்த முறையீடு யாதெனில், "ஆள் போதவில்லை. இந்த வேகத்தில் மருந்து கொடுத்தால் நோயாளிக்கு ஆபத்து" என்பதுதான். டாலரில் சம்பளம் வாங்குகிறவரும், நம் மாவட்டத்து ஒப்பந்த ஊழியரும் ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள். அங்கே மருந்தாளுநர் டெக்னிஷியனை விரட்டு என்று கேட்கவில்லை. இருவரும் கை கோத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். இதை நாம் கற்க வேண்டாமா?

தீர்மானத்தைத் திருத்துங்கள்

ஆகவே தோழர்களே, உங்கள் தீர்மானத்தில் ஒரு திருத்தத்தை வேண்டுகிறோம். "வெளியேற்று" என்ற ஒரு சொல்லுக்குப் பதிலாக ஐந்து கோரிக்கைகளை வையுங்கள்.

முதலாவது: மருந்தகம் திறந்திருக்கும் நேரம் முழுவதும் பதிவு பெற்ற மருந்தாளுநர் நேரில் இருக்க வேண்டும். கடைசிச் சரிபார்ப்பு அவர் கையால் நடக்க வேண்டும். வாடகைச் சான்று பிடிபட்டால் முதல் நடவடிக்கை முதலாளி மீது. நம் சங்கத்தில் உள்ள எவரும் சான்றை வாடகைக்கு விடுவதில்லை என்று இன்றே உறுதி எடுக்க வேண்டும். மற்றவரைக் கேட்கும் முன் நம் வீட்டைப் பெருக்குவோம்.

இரண்டாவது: சான்று இல்லாமல் வேலை செய்கிறவர் தனியே நின்று மருந்து கொடுப்பது இன்றோடு நிற்க வேண்டும்; அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. ஆனால் அவர் வேலை போகக் கூடாது. மருந்தாளுநரின் மேற்பார்வையில் அடுக்குதல், கணக்கெழுதுதல், குளிர்பெட்டி கவனித்தல் போன்ற வேலைகளில் அவரை வைத்துக்கொண்டு, எழுத்து மூலமான பயிற்சி தர வேண்டும்.

மூன்றாவது: அவர்களில் தகுதி உள்ளவர் டிப்ளமா படிக்க உதவித்தொகை வேண்டும், திரும்பி வந்தால் அதே வேலை என்ற உத்தரவாதம் வேண்டும். செலவில் ஒரு பங்கை அவர்கள் உழைப்பில் லாபம் பார்த்த முதலாளி கொடுக்கட்டும். 1948-ல் கம்பவுண்டருக்கு ஒரு வாசல் திறந்தார்கள். இன்றைக்கு அனுபவத்தை மட்டும் வைத்துப் பதிவு கேட்கவில்லை. மருந்தின் எண்ணிக்கையும் ஆபத்தும் பெருகிவிட்ட காலத்தில் அது சரியும் அல்ல. படித்து வருவதற்கு வாசல் கேட்கிறோம்.

நான்காவது: சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் காலியான மருந்தாளுநர் இடங்களை நிரப்ப வேண்டும். ஒப்பந்தத்தில் இருப்பவரை நிரந்தரமாக்க வேண்டும். புறநோயாளி எண்ணிக்கைக்குத் தக்கபடி ஜன்னல்களும் ஆட்களும் வேண்டும். வேலையில்லாத மருந்தாளுநருக்கு வேலை அங்கேதான் இருக்கிறது. அந்தப் பெண்ணின் நாற்காலியில் இல்லை.

ஐந்தாவது: மருந்து உற்பத்தியில் பொதுத்துறையை மீண்டும் கட்டி எழுப்ப வேண்டும். இருமல் மருந்து முதல் இன்சுலின் வரை, ஒவ்வொரு தொகுதியும் சோதனையில் தேறாமல் வெளியே வரக் கூடாது.

இந்தக் கோரிக்கைகளுக்காக நீங்கள் நின்றால் ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நிற்கிற ஜனங்கள் உங்கள் பக்கம் நிற்பார்கள். அவர்களை அழைத்து வருவது எங்கள் பொறுப்பு. "இவனை எடு, என்னைப் போடு" என்று மட்டும் கேட்டால், அது இரண்டு ஏழைகளின் சண்டை என்று அவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். "உன் உயிருக்காகக் கேட்கிறோம்" என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட.

தீர்மானத்தை வைத்து வாதிடுங்கள். நாம் சொன்னதில் தவறு இருந்தால் எழுந்து சொல்லுங்கள். ஏற்கெனவே ஒரு நோட்டீஸில் தவறு செய்து, அந்தத் தவறை ஒரு தங்கையிடம் கற்றுக்கொண்டவர்கள் நாங்கள். இன்னொரு தரம் கற்றுக்கொள்வதில் வெட்கமில்லை. ஆனால் ஓட்டுக்குக் கை தூக்கும் முன்பு ஒரு நிமிஷம் நினையுங்கள். சுவரில் தொங்கும் சான்றும், மருந்து கொடுக்கும் கையும் ஒரே மனிதருக்குச் சொந்தமாக வேண்டும். அந்த மனிதருக்கு நிரந்தர வேலையும் நிமிர்ந்த தலையும் வேண்டும். அதற்காகச் சேர்ந்து நிற்போம்.